பயணப்படி கேட்ட நீதிபதி

கெடா தோட்டங்களில் நியாயம் பேச எந்த ராஜாவின் பத்திரமும் தேவைப்பட்டதில்லை. பீடோங்கிலோ பாடாங் செராயிலோ காலைப் பெரட்டில் பெரிய துரை வந்து நின்றால் அதுவே நீதிமன்றம். கங்காணி சாட்சி, கிராணி குமாஸ்தா. மேல்முறையீடு வேண்டுமென்றால் மாரியம்மன் கோயிலுக்குப் போகலாம்.

அக்கரையில் பினாங்கு வேறு மாதிரி. அங்கே நீதிபதியாக உட்கார இங்கிலாந்து மன்னரே கைப்பட வரம் தர வேண்டியிருந்தது. இத்தனைக்கும் பினாங்கு பழைய கெடா மண்தான். 1786-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளான பிரான்சிஸ் லைட், சயாமிடமிருந்து கம்பெனி காப்பாற்றும் என்று கெடா சுல்தான் அப்துல்லாவை நம்பவைத்துத் தீவில் கொடி ஏற்றினார். காப்பாற்றுவதைக் கம்பெனி மறந்துபோனது. தீவை மறக்கவில்லை. 1821-இல் சயாம் படை கெடாவுக்குள் புகுந்தபோது அடுத்த சுல்தான்களில் ஒருவரான அகமது தாஜுதீன் அதே பினாங்குக்குத்தான் அடைக்கலம் தேடி ஓட வேண்டியிருந்தது.

தீவு வந்தது, சட்டம் வரவில்லை. சமூகத்துக்கு ஒரு கப்பித்தான், அதாவது தலைவர், சில்லறைத் தகராறுகளைத் தீர்த்துவைத்தார். தமிழ் முஸ்லிம்களான சூலியாக்களுக்குக் காதர் மொகிதீன். 1801-இல் கல்கத்தா வழக்கறிஞர் ஜான் டிக்கன்ஸ் வந்தார். எந்தச் சட்டப்படி தீர்ப்புச் சொல்வது என்று கேட்டுக் கேட்டே அவருக்குத் தொண்டை வறண்டது. 1807-இல்தான் மூன்றாம் ஜார்ஜின் நீதிச் சாசனம் பிறந்தது. ரெக்கார்டர் என்ற பட்டத்தோடு சர் எட்மண்ட் ஸ்டான்லி தலைமை ஏற்றார். கூடவே கவர்னரும் அவருடைய சபையினரும் நீதிபதிகள்! அரசாங்கத்தின் மேல் பிராது கொடுத்தால் அரசாங்கமே பரிவோடு விசாரிக்கும்.

கூத்து உச்சத்துக்குப் போனது அடுத்த சாசனத்தில். 1826-இல் நான்காம் ஜார்ஜ் அதே நீதிமன்றத்தைச் சிங்கப்பூருக்கும் மலாக்காவுக்கும் நீட்டினார். ரெக்கார்டராக வந்தவர் சர் ஜான் கிளாரிட்ஜ். மூன்று ஊர்களுக்கும் சுற்றிப் போய் வழக்குக் கேட்க வேண்டும். கிளாரிட்ஜ் கேட்ட முதல் வழக்கு தன்னுடையதுதான்: கப்பல் செலவை யார் கொடுப்பது? கவர்னர் புல்லர்டன் இறங்கிவரவில்லை, நீதிபதி கப்பல் ஏறவில்லை. 1828-இல் சிங்கப்பூரில் கொலை வழக்குகள் காத்துக் கிடக்க, கவர்னரே போய் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்தார். கல்யாணத்துக்குப் புரோகிதர் வராததால் மாமனாரே மந்திரம் சொன்ன கதை. மறு வருஷம் கிளாரிட்ஜைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அந்தப் பயணத்துக்கு அவர் மறுத்ததாகத் தெரியவில்லை.

ரெக்கார்டர் போனார், கவர்னராவது இருந்தாரே என்றால் அதற்கும் ஆபத்து வந்தது. 1830-இல் கம்பெனிக்குக் கையில் காசில்லை. இந்த மூன்று ஊர்களும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களை வங்காளத்தின் கீழ் வெறும் ரெசிடன்சியாகக் குறுக்கி, கவர்னர் பதவியையே வெட்டிவிட்டது. வெட்டிய பிறகுதான் யாரோ சாசனத்தைப் பிரித்துப் படித்தார்கள். நீதி வழங்கும் அதிகாரம் கவர்னருக்கும் ரெசிடன்ட் கவுன்சிலருக்கும் ரெக்கார்டருக்கும் மட்டுமே என்று மன்னர் எழுதியிருந்தார். அந்தப் பட்டங்களோடு இப்போது ஒருவருமில்லை! புல்லர்டன் நீதிமன்றத்தைப் பூட்டிவிட்டு ஊருக்குக் கிளம்பினார்.

திருடனைவிட அதிகம் குதூகலித்தவன் கடன்காரனாகத்தான் இருப்பான். வியாபாரிகள் கொதித்தார்கள், மனுக்கள் கடல் தாண்டிப் பறந்தன. மன்னரின் சாசனத்தைத் திருத்தக் கம்பெனிக்கு அதிகாரமில்லை, ஆனால் தன் ஆட்களுக்குப் பெயர் சூட்டலாமே. 1832-இல் ரெசிடன்ட் ராபர்ட் இபெட்சனுக்குப் பழையபடி கவர்னர் பட்டம் கட்டினார்கள். வங்காளத்துக்குக் கைகட்டி நிற்கும் வேலை மாறவில்லை. பட்டம் மட்டும் வந்தது, பூட்டும் திறந்தது.