தீரா அட்டைக் கோட்பாடு: மாத மாத்திரை வாங்குதல் குறித்த ஓர் ஆய்வு

அறுபதைக் கடந்தவர் இருக்கும் வீட்டில் சுகருக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று, ரத்தம் கட்டாமல் இருக்க ஒன்று என மூன்று மாத்திரைகள் குடியேறிவிடுவது வழக்கம். இவை மூன்றும் ஏன் ஒரே நாளில் தீருவதே இல்லை என்பதுதான் இவ்வாய்வின் வினா. கிரகநிலை, கடைக்காரரின் சூழ்ச்சி, மருமகள் ஞாபகப்படுத்தாதது என முன்னோர் மூன்று காரணங்கள் கூறுவர். மூன்றையும் மறுக்கிறோம்.

காரணம் கணக்கில் இருக்கிறது. பெரும்பாலும் சுகர் மாத்திரை அட்டைக்கு 10, பிரஷர் மாத்திரை 15. பலர் போடும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரினோ 14. நாளுக்கொன்று வீதம் போட்டால், இவற்றின் மீச்சிறு பொது மடங்கு 210. இன்று மூன்றும் சேர்ந்து தீர்ந்தால், மறுபடி சேர்ந்து தீர ஏழு மாதம். சுகர் மாத்திரையான மெட்ஃபார்மினைக் காலையும் இரவும் போடுவோருக்கு அந்த அட்டை 5 நாளில் முடியுமே என்று எதிர்வாதம் எழலாம். 5, 14, 15-க்கும் அதே 210தான். மீ.பொ.ம. வாழ்க்கையில் எதற்கு உதவும் என்று ஏழாம் வகுப்பில் கேட்டவர்களுக்கு விடை கிடைத்துவிட்டது. கொஞ்சம் தாமதம், அவ்வளவே.

அடுத்து, சான்றாவணம். 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் எச் அட்டவணையில் உள்ளவற்றை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. நடைமுறையில் சீட்டின் இடத்தைக் காலி அட்டை பிடித்துக்கொண்டது. அதிலும் சிக்கல். பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் உள்ள முனையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு மறுமுனையைக் கத்தரிப்பதே கடைக்காரரின் முறை. எனவே நம் கைக்கு வருவது ‘லோடிபி’ என்ற நடுத்துண்டு. கவுன்ட்டரில் நிற்கும் பையன் அதை டியூப்லைட்டில் தூக்கிப் பிடித்து, சிதைந்த கல்வெட்டைப் படிப்பவர்போல் முன்னும் பின்னும் எழுத்துகளை நிரப்பி அம்லோடிபின் என்கிறான், அதாவது பிரஷர் மாத்திரை. 5-ஆ, 2.5-ஆ என்பது அத்துண்டில் இல்லை. அதற்காகவேனும் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது நல்லது.

பணம் கட்டும் படலத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். மக்கள் மருந்தகத்தில் விலை குறைவு. 2025 பிப்ரவரி 24 அன்று தமிழகத்தில் 1,000 முதல்வர் மருந்தகங்களும் திறக்கப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜிஎஸ்டி 12-இலிருந்து 5 சதவீதமானது. ஆயினும் “எனக்கு அந்த ரோஸ் மாத்திரைதான் கேட்கும்” என்ற வாதத்தின் முன் எந்தப் பொருளாதாரமும் நிற்பதில்லை. சில்லறைக்குப் பதில் ஹால்ஸ் தரும் மரபு மட்டும் ஃபோன்பே வந்தபின் அருகிவிட்டது.

இனி, தீர்வு. 210 நாளுக்கும் சேர்த்து மொத்தமாக வாங்கிவிட வேண்டும்: இருவேளை கணக்கில் சுகருக்கு 42 அட்டை, பிரஷருக்கு 14, ஆஸ்பிரின் 15. கணக்கில் பிழையே இல்லை. இத்திட்டத்தைச் செயல்படுத்திய வீட்டில் மறுவாரமே செக்கப்புக்குப் போவார்கள், டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, “500 போதாது, 1000 ஆக்கிடலாம், பிரஷருக்கும் வேற எழுதறேன்” என்பார். வெட்டிய அட்டையைக் கடையில் திருப்பி எடுப்பதில்லை.