கேபிளைத் தொடாமல் நெட்வொர்க்கிங் நிபுணர் ஆவது எப்படி?

முதலில் ஓஎஸ்ஐ மாடலின் ஏழு லேயர்களை மனப்பாடம் செய்யுங்கள். ஃபிசிக்கல், டேட்டா லிங்க், நெட்வொர்க், டிரான்ஸ்போர்ட், செஷன், பிரசன்டேஷன், அப்ளிகேஷன். நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே வர வேண்டும். செஷன் லேயர் என்னதான் செய்கிறது என்று யாராவது கேட்டால், "செஷனைக் கவனிக்கிறது" என்று சொல்லிவிட்டு அடுத்த லேயருக்கு ஏறிவிடுங்கள். கேட்டவருக்கும் பெரும்பாலும் அதற்கு மேல் தெரியாது. ஐஎஸ்ஓ இந்த மாடலைத் தரமாக வெளியிட்டது 1984இல். இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டோ 1983 ஜனவரி 1 அன்றே டிசிபி/ஐபிக்கு மாறிவிட்டது. இன்று உங்கள் போனில் ஓடுவதும் அந்த டிசிபி/ஐபி குடும்பம்தான். இந்த வரலாற்றை வகுப்பில் கிளறாதீர்கள். மதிப்பெண் ஏழு லேயருக்குத்தான்.

அடுத்து சப்நெட். /24 என்றால் 254 சிஸ்டம், /26 என்றால் 62, /30 என்றால் 2. அட்டவணையைச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். ஐபிவி4 முகவரி மொத்தம் 32 பிட்; 24 பிட் நெட்வொர்க்குக்குப் போனால் மிச்சம் 8; எட்டு பிட்டில் 256 முகவரி; அதில் முதலாவது நெட்வொர்க்கைக் குறிக்க, கடைசி பிராட்காஸ்டுக்கு. இதைத் தப்பித்தவறிக்கூடத் தாளில் போட்டுப் பார்த்துவிடாதீர்கள். அப்புறம் அட்டவணைக்கு வேலையே இருக்காது.

லேப் எல்லாம் சிமுலேட்டரில் மட்டும். அதில் எலி கேபிளைக் கடிப்பதில்லை, கூட்ட வருகிறவரின் துடைப்பம் பிளக்கைத் தட்டுவதுமில்லை. கிரிம்பிங் டூல் பக்கம் போனால் எட்டுக் கம்பிகளின் நிற வரிசையைப் பார்க்க வேண்டிவரும். பச்சை ஜோடியைப் பிரித்துக்கொண்டு நீல ஜோடி ஏன் நடுவில் உட்கார்ந்திருக்கிறது என்று சந்தேகம் வரும். பழைய டெலிபோன் இணைப்புக்கு ஒத்துப்போகத்தான் அந்த ஏற்பாடு என்று தெரிந்த பிறகு, மறக்க முடியாது. வீண் சுமை.

நெட் வேலை செய்யவில்லை என்று அழைப்பு வந்தால் 127.0.0.1க்கு பிங் அடியுங்கள். பதில் நிச்சயம் வரும். கேபிளைப் பிடுங்கி எறிந்தாலும் வரும், ஏனென்றால் அது அந்த சிஸ்டமே தன்னிடம் பேசிக்கொள்வது. "எங்கள் பக்கம் எல்லாம் சரி" என்று டிக்கெட்டை மூடிவிடலாம். முகவரி 169.254 என்று தொடங்கினால், "ஐபி வந்துவிட்டதே!" என்று மகிழுங்கள். டிஎச்சிபி சர்வரைக் கூப்பிட்டுப் பார்த்து, பதில் இல்லாமல் விண்டோஸ் தானாகவே வைத்துக்கொண்ட முகவரி அது என்று யாரும் சொல்லப்போவதில்லை.

டிசிபி ஹேண்ட்ஷேக்கை போர்டில் மூன்று அம்புக்குறியாக வரையுங்கள், அதோடு நிறுத்துங்கள். போகிற வருகிற பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க்கை மட்டும் இன்ஸ்டால் செய்யாதீர்கள். பதிலே இல்லாமல், இணைப்பு கேட்கும் சின் பாக்கெட் திரும்பத் திரும்பப் போனால் வழியில் ஃபயர்வால் விழுங்கியிருக்கலாம், உடனே ரீசெட் வந்தால் அந்த போர்ட்டில் கேட்க ஆளில்லாமல் இருக்கலாம் என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். எல்லாவற்றுக்கும் "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று சொல்லும் சுதந்திரம் அன்றோடு போச்சு.

இத்தனையும் முடித்தவர் தைரியமாக இன்டர்வியூவுக்குப் போகலாம். ஒரே ஒரு கேள்விதான் ஆபத்து: "பிரவுசரில் ஒரு முகவரி அடித்து என்டர் தட்டினால் என்னென்ன நடக்கிறது?" டிஎன்எஸ், ஏஆர்பி, கேட்வே, டிசிபி, டிஎல்எஸ் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். பதறாமல், முகம் மலர்ந்து, "பக்கம் திறக்கும் சார்" என்று சொல்லுங்கள்.