ஒண்ணுமில்லை என்று சொல்லிப் படுப்பது எப்படி?

குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்து, பேரருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் வாடை எழும்பிவிட்டால், சர்க்கரை, பிரஷர், அல்சர், மூலம் என்று நாலு வியாதியோடு குடித்தனம் நடத்துகிறவர்களுக்கும் முதுகு தானாக அரிக்க ஆரம்பித்துவிடும். இந்தக் குறிப்புகள் அவர்களுக்கானவை. எழுதுவதற்கு எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், பதினோரு வருடச் சர்க்கரை, அதற்கும் மூத்த நெஞ்செரிச்சல், மூன்று நாள் வராமல் நாலாம் நாள் வந்தேன் என்று நிற்கிற மலம். போதும் என்று நினைக்கிறேன்.

முதல் வேலை, வாயைத் திறக்காமல் இருப்பது. வியாதியைச் சொன்னால் தேய்ப்பவர் கையின் வேகத்தைக் குறைத்துவிடுவார். கொடுத்த காசுக்கு நாலு அமுக்கு குறைந்தால் யார் பொறுப்பு? ஊரில் ஏசி போட்ட மசாஜ் நிலையங்களில் ஒரு படிவம் கொடுப்பார்கள். இதய நோயா, ரத்தக்கொதிப்பா, அறுவை சிகிச்சை நடந்ததா என்று கேள்வி கேள்வியாக இருக்கும். எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டுவிடுங்கள். ‘தற்போது உட்கொள்ளும் மருந்துகள்’ என்ற இடத்தில் ஒரு கோடு. சாப்பாட்டுக்கு முன் ஒன்று, பின் இரண்டு என்று இத்தனை வருடம் விழுங்கியாயிற்று. அது சாப்பாட்டில் சேர்த்தியே தவிர மருந்தில் சேர்த்தி இல்லை.

அடுத்தது வயிற்றைத் தயார் செய்வது. செங்கோட்டைப் பக்கம் போய் பார்டர் புரோட்டா ஐந்து, நாட்டுக்கோழி ஒரு பிளேட், சால்னா கேட்கும்போதெல்லாம். நேராக வந்து பலகையில் குப்புறப் படுத்துவிடவும். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் இருக்கிற இறுக்கம், நெஞ்செரிச்சல்காரர்களுக்கு ஏற்கெனவே தளர்ந்துதான் இருக்கும். மேலே ஒருவர் உடம்பின் பாரத்தையெல்லாம் உள்ளங்கையில் இறக்கி முதுகை அமுக்கும்போது, சால்னா எந்த வழியாக உள்ளே போனதோ அந்த வழியாகவே திரும்பி வந்து விசாரிக்கும். சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது போகட்டும் என்றும், படுத்தே ஆக வேண்டுமென்றால் இடப்பக்கம் சாய்ந்து படு, அப்போது இரைப்பை தாழ்ந்து உணவுக்குழாய் மேலே நிற்கும் என்றும் சொல்கிறவர்கள் உண்டு. புரோட்டா சாப்பிடத் தெரியாதவர்கள்.

மலச்சிக்கல்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், என் கட்சி அது. பெருங்குடல் வலப்பக்கம் அடிவயிற்றில் தொடங்கி, விலாவரை ஏறி, குறுக்கே கடந்து, இடப்பக்கம் இறங்குகிறது. அந்தத் தடத்திலேயே, எதிரே நின்று பார்ப்பவருக்குக் கடிகார முள் சுற்றுகிற திசையில், உள்ளங்கையால் மெதுவாக நீவினால் கொஞ்சம் பலன் உண்டு. ஸ்வீடனில் நடந்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வில் அறுபது பேரை வைத்து எட்டு வாரம் பார்த்தார்கள். வயிற்று உபாதைகள் குறைந்தன. பேதி மாத்திரை மட்டும் குறையவில்லை. எட்டு வாரம்! நமக்கு மாலை ஐந்து மணி பஸ்ஸுக்குள் வேலை முடிய வேண்டும். ஆகவே ‘நல்லா அமுக்குப்பா, உள்ள கல்லு மாதிரி கெடக்கு’ என்று உற்சாகப்படுத்தவும். குடலிறக்கம் இருக்கிறதா, மலத்தில் ரத்தம் போகிறதா, குடல் புண் நோய் சீறி நிற்கும் நேரமா, போன மாதம்தான் வயிற்றில் தையல் பிரித்தார்களா என்பதெல்லாம் அவருக்கு எதற்கு? இதில் ஒன்று இருந்தாலும் வயிற்றில் கை வைக்கக் கூடாது என்று அவர் எழுந்து போய்விடுவார்.

‘வாயுப் பிடிப்பு’ என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்த வழிகாட்டி நிறைவாகாது. நெஞ்சை அடைக்கிறது, இடது தோள் இழுக்கிறது, சட்டை நனைய வியர்க்கிறது. நம் ஊரில் இதற்கு முறை உண்டு. ஒரு சோடா, ஒரு டம்ளர் ஓமத் தண்ணீர், முதுகில் தைலம் போட்டு மச்சான் கையால் தேய்ப்பு. ஏப்பம் வந்துவிட்டால் எல்லாரும் சிரித்துக்கொண்டே கலைந்து போவார்கள். மாரடைப்புக்கு ஏப்பம் தடையில்லை. சர்க்கரைக்காரருக்கு வலியே பெரிதாகத் தெரியாமலும் அது வரும். தைலத்தைத் தேடுகிற நேரத்தில் 108-ஐ அழைக்கலாம்தான். ஆனால் ‘வெறும் கேஸுக்கா ஆம்புலன்ஸ்?’ என்று தெரு பேசுமே.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு ஒரு நுட்பம். வயிற்றில் ஊசி போட்ட கையோடு அதே இடத்தில் சூட்டெண்ணெய் விட்டுத் தேய்க்கச் சொல்லவும். சூட்டிலும் தேய்ப்பிலும் மருந்து விறுவிறுவென்று ரத்தத்தில் ஏறும், சர்க்கரை சரசரவென்று இறங்கும். கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டும்போது பக்கத்துப் பலகைக்காரர் ‘சார் என்னமா சொக்கிக் கெடக்காரு பாருங்க’ என்பார்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் அழுத்தித் தேய்க்கச் சொன்னால், மறுநாள் முதுகில் நாவல் பழ நிறத்தில் தேசப்படமே கிடைக்கும். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ வருடக்கணக்காக ஸ்டீராய்டு விழுங்கி எலும்பு மெலிந்தவர்கள் பேரனை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்லலாம். சித்த மருத்துவத்தின் தேய்ப்பு முறையான தொக்கணத்தில் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று ஒன்பது வகை எண்ணுகிறார்கள். பேரன் மிதித்தல் அதில் இல்லை. பத்தாவதாகச் சேர்த்துக்கொள்வோம். கழுத்தில் சொடக்கு எடுப்பது தேய்ப்போடு இலவசம். மூளைக்கு ரத்தம் கொண்டு போகும் இரண்டு குழாய்கள் கழுத்தெலும்பின் துளைகள் வழியாகத்தான் ஏறுகின்றன என்பதை அந்த நேரத்தில் நினைக்காமல் இருந்தால் சத்தம் இனிமையாகக் கேட்கும்.

ஒரு இடத்தில் மட்டும் எனக்குக் கிண்டல் வரவில்லை. டில்லியில் ஓர் இளைஞருக்குக் கணுக்காலில் அடிபட்டுக் கட்டுப் போட்டிருந்தார்கள். கட்டைப் பிரித்த பிறகும் வலி போகவில்லை. பெற்ற தாய் எண்ணெய் விட்டுக் காலை நீவிவிட்டார். காலின் ரத்தக்குழாயில் உறைந்திருந்த கட்டி கிளம்பி நுரையீரலுக்குப் போய் அடைத்தது, பையன் பிழைக்கவில்லை. எய்ம்ஸ் மருத்துவர்கள் இதைக் கட்டுரையாகவே எழுதினார்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, கெண்டைச்சதை வலித்தால் அதில் யாரும் கை வைக்க வேண்டாம். இதைத் தலைகீழாகப் படிக்க வேண்டியதில்லை, சொன்னபடியே எடுத்துக்கொள்ளுங்கள்.

போன சீசனில் மேற்படி விதிகளையெல்லாம் நானே கடைப்பிடித்தேன். தேய்ப்பவர் அறுபதைத் தொட்ட மனிதர், நரைத்த மீசை, இடுப்பில் எண்ணெய் ஊறிப்போன துண்டு. அருவிக்குச் சற்றுத் தள்ளி, தார்ப்பாய்க்குக் கீழே பலகை.

“உடம்புக்கு ஒண்ணுமில்லையே அண்ணாச்சி?”

“ஒண்ணுமில்ல.”

“சாப்ட்டு எம்புட்டு நேரமாச்சு?”

“ரெண்டு மணி நேரம் இருக்கும்.”

குப்புறப் படுத்தேன். முதுகில் முதல் அமுக்கு விழுந்ததும் எனக்கு ஒரு ஏப்பம் வந்தது. கை நின்றது.

“சால்னா வாடை வருது அண்ணாச்சி.”

நான் பேசவில்லை. அவரும் பேசவில்லை. ஒருக்களிக்கச் சொல்லி, இடப்பக்கமாகப் படுக்கவைத்து, தோளையும் கையையும் மட்டும் தேய்த்தார். பிறகு காலுக்குப் போனார். கெண்டைக்காலில் இறங்கிய கட்டைவிரல் கணுக்காலைத் தாண்டி, குதிகாலுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. துண்டால் எண்ணெயைத் துடைத்தார். குனிந்து பார்த்தார்.

“வலிக்கலையா?”

“எது?”

புதுச் செருப்பு கடித்து, எட்டணா அளவுக்குத் தோல் உரிந்து, சதை சிவந்து ஈரமாக இருந்ததாம். எனக்கு ஏதோ பஞ்சு உரசுகிற மாதிரித்தான் இருந்தது. அவருக்குப் பதில் வேறு பையன் ஒருவன் அந்தக் காலில் சூட்டெண்ணெய் ஊற்றித் தேய்த்திருந்தால் கொப்புளம் வந்த பிறகுதான் எனக்குச் சேதி தெரிந்திருக்கும்.

“சுகர் எத்தன வருசமா?” என்றார். இருக்கிறதா என்று கேட்கவில்லை.

“பதினொண்ணு.”

“அத மொதல்லயே சொன்னா என்ன அண்ணாச்சி? நான் என்ன பொண்ணா பாக்க வந்தேன்?”

உடனே எழுந்திருக்க விடவில்லை. பிரஷர் மாத்திரை உண்டா என்று கேட்டார். இந்த முறை உண்டென்று சொன்னேன். அப்படியானால் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும் என்று பலகையிலேயே கொஞ்ச நேரம் உட்காரவைத்தார். அந்தக் காலோடு அருவிக்குப் போக வேண்டாம், தென்காசியில் நல்ல டாக்டரிடம் காட்டிவிட்டு ஊருக்குப் போங்கள் என்றார். பாதி உடம்புக்குப் பாதிக் காசு என்று ஐம்பது ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த ஐம்பதுக்குச் சூடாக நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிக்கொண்டேன். செருப்புதானே கடித்தது என்று அதைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, வெறுங்காலோடு லாட்ஜுக்கு நடந்தேன்.