எந்தப் படையில் சேரலாம்?

கேள்வி: பிளஸ் டூ முடித்திருக்கிறேன். தரைப்படை, கடற்படை, விமானப்படை, மூன்றில் எதில் சேரலாம்? கடலென்றால் தலைசுற்றும், நடக்கவும் அலுப்பு. (வாசகர், விருதுநகர்)

பதில்: தலைசுற்றலைக் காரணங்காட்டிக் கடற்படையை நிராகரிக்க வேண்டாம், 1805ல் டிரபால்கர் யுத்தத்தில் ஜயித்த நெல்ஸன் பிரபுவே ஆயுள் பரியந்தம் கடல் மயக்கத்தால் அவதிப்பட்டவர்தாம். நடக்க அலுப்பாயிருக்கிறதே, ஆகாயத்தில் உட்கார்ந்தபடியே தேசசேவை செய்யலாமென்று விமானப்படையை நாடுவீராயின், அங்கே சேருவோரில் பெரும்பாலோர் விமானம் ஓட்டுகிறவர்களல்லர், திருகாணி முடுக்கியும் ராடார் பார்த்தும் பூமியிலேயே காலூன்றி நிற்கிறவர்கள் என்பதையும் சற்றே யோசிக்க வேண்டும். பள்ளியில் கணிதமும் பௌதிகமும் படிக்காதவருக்கு இந்தச் சஞ்சலமே கிடையாது. புனேக்கு அருகே கடக்வாஸ்லாவிலுள்ள தேசிய பாதுகாப்பு அகாதெமியில் அவருக்குத் திறந்திருப்பது தரைப்படையின் வாசல் ஒன்றுதான். படித்தவராயின், எந்தப் படை வேண்டுமென்று விருப்பத்தை வரிசைக்கிரமமாகக் கேட்பார்கள். தாராளமாக எழுதும், ஆனால் எதை முதலில் எழுதினாலும், அங்கே மூன்று படை மாணாக்கரும் 3 வருஷம் ஒரே மைதானத்தில் ஒன்றாகத்தான் ஓடியாக வேண்டுமாதலால், நடக்க அலுப்பென்ற சங்கதியை மட்டும் விண்ணப்பத்தில் பிரஸ்தாபிக்காதிருப்பது உசிதம்.