இலக்கணம் கொடு, பார்சர் எடு!

கல்லூரி மாணவி, ரமணாசிரமம் பகுதி, திருவண்ணாமலை
*‘பார்சர் ஜெனரேட்டர்’ என்று பாடத்தில் வருகிறது. சுருக்கமாகச் சொல்லுங்களேன்?*

விதிகளை எழுதிக் கொடுத்தால், அவற்றின்படி எழுதியதைப் படித்துப் பிரிக்கும் நிரலை, அதாவது பார்சரை, தானே எழுதித் தருகிற நிரல். பெல் லேப்ஸில் ஸ்டீபன் ஜான்சன் 1970-களில் உருவாக்கிய ‘யாக்’ இதில் பேர்பெற்றது. பைசன், ஆன்ட்லர் எல்லாம் பின்னால் வந்தவை. பார்சரைக் கையால் எழுதினால், ஒரு விதி மாறும்போது பல இடங்களில் கை வைக்க வேண்டும். இதில் விதியைத் திருத்தி மறுபடி ஓட்டினால் முடிந்தது.

தமிழாசிரியர், செங்கம் சாலை
*எங்கள் வெண்பாவுக்கும் இதற்கும் ஒட்டுறவு உண்டா?*

நெருங்கிய உறவே உண்டு. அடிகளும் ஈற்றடியும் சேர்ந்தது வெண்பா. அடிக்கு நான்கு சீர். ஈற்றடிக்கு இரண்டு சீரும் ஓர் ஈற்றுச்சீரும். ஈற்றுச்சீர் என்பது நாள், மலர், காசு, பிறப்பு. யாக் கேட்பதும் இப்படி ஒரு பட்டியலைத்தான். 2003-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் பால சுந்தரராமன், ஈஸ்வர், சஞ்சீத் குமார் ரவீந்திரநாத் மூவரும் வெண்பாவுக்கு இப்படி இலக்கணம் எழுதி, நிரலாகவும் செய்து காட்டினார்கள். வினோத் ராஜனின் ‘அவலோகிதம்’ மென்பொருளில் பாட்டை இட்டால் அசை, சீர், சீர்களைப் பிணைக்கும் தளை எல்லாம் பிரித்து, என்ன பா என்றும் சொல்லிவிடும்.

பொறியியல் மாணவர், ஆரணி
*தனிக்குறில் நேரசை, குறிலிணை நிரையசை. ‘ரமணர்’ என்பதில் ‘ர’ வந்ததும் கம்ப்யூட்டர் குழம்பாதா?*

குழம்புகிற இடமே அதுதான். நேர் என்று அங்கேயே முடிப்பதா, அடுத்த எழுத்தையும் சேர்ப்பதா? இதற்கு ‘ஷிஃப்ட்-ரெடியூஸ் மோதல்’ என்று பெயர். நீங்கள் வேறு சொல்லாவிட்டால் யாக் முடிக்காது, சேர்த்துக்கொள்ளும். அலகிடும்போது நாமும் அதையே செய்கிறோம்: ரம | ணர். நிரை நேர், புளிமா.

கிரிவலம் வரும் அன்பர், வேலூர்
*‘அருணாசலம்’ வெண்பாவில் அடங்குமா?*

ஒரே சீராக அடங்காது. அரு | ணா | சலம்: நிரை நேர் நிரை, புளிமாங்கனி. வெண்பாவில் கனிச்சீருக்கு இடமில்லை. ‘சலம்’ வந்ததும் பார்சர் நின்றுவிடும். வகையுளி செய்து ‘அருணா சலம்’ என்று பிரித்துப் பாருங்கள். ‘அருணா’ புளிமா. ‘மாமுன் நிரை’ விதிப்படி மாச்சீரை அடுத்து நிரை வர வேண்டும், ‘சலம்’ நிரை. தளை சரி. ஈற்றில் நின்றால் ‘மலர்’ வாய்பாடும் சரி. ‘அண்ணா மலை’யும் அப்படியே. மலையின் இரண்டு பெயர்களும் வெண்பாவை முடித்துவைக்கத் தகுந்தவை!

இல்லத்தரசி, கிரிவலப் பாதை
*பகவான் ரமணரின் வெண்பாக்களில் இதற்குப் பாடம் உண்டா?*

அருமையான பாடம் உண்டு. அடியார் முருகனார் வேண்ட, 1928-ல் பகவான் இயற்றிய ‘உள்ளது நாற்பது’ தனித்தனி வெண்பாக்கள். பாராயணம் தடையில்லாமல் ஓட, பிறகு அதையே கலிவெண்பாவாக்கினார். வெண்பா ஒவ்வொன்றும் முச்சீர் அடியில் முடியும். கலிவெண்பாவிலோ நூலின் கடைசி அடிக்கு மட்டுமே அந்த உரிமை. ஆகவே நடுவில் உள்ள ஒவ்வோர் ஈற்றடியையும் இணைப்புச் சொற்களால் நிரப்பி, அடுத்த பாட்டோடு தளை தட்டாமல் கோத்தார். விதிப்பட்டியலில் மாறியது ஒரே வரி. அதற்காக நூல் நெடுகிலும் உழைத்திருக்கிறார்.

மென்பொருள் பணியாளர், சென்னை
*எதுகையையும் விதியில் சேர்த்துவிடலாமா?*

வேண்டாம். தளை பார்ப்பது பக்கத்துச் சீரை மட்டும், அதனால் விதியில் அடங்கும். எதுகைக்கோ முந்தைய அடியின் இரண்டாம் எழுத்து நினைவில் இருக்க வேண்டும். எழுத்துக்கு எழுத்து விதி எழுதப் போனால் பட்டியல் பெருத்துவிடும். பார்சர் அடிகளைப் பிரித்துத் தரட்டும். ஒப்பிடுவதைத் தனி நிரலிடம் விடுங்கள்.

பள்ளி மாணவர், போளூர்
*பார்சர் ‘சரி’ என்றால் அது கவிதையா?*

தளை தட்டவில்லை என்று அர்த்தம். கவிதையா என்று வாசகர்தான் சொல்ல வேண்டும்.

கல்லூரி மாணவர், செங்கம்
*நானும் ஒன்று செய்ய ஆசை. எங்கே தொடங்க?*

முதலில் யாப்பருங்கலக்காரிகை, பிறகு கீபோர்டு. விதிகளைத் தாளில் எழுதுங்கள். சோதித்துப் பார்க்க 1330 குறள்வெண்பாக்கள் தயாராக இருக்கின்றன. ஏதாவது ஒரு குறளில் பார்சர் நின்றால் குற்றியலுகரத்தையோ அளபெடையையோ விட்டிருப்பீர்கள். வள்ளுவரை விட்டுவிட்டு விதியைத் திருத்துங்கள்!