மலையகச் சுடுதண்ணிக் குளியல்: ஓர் ஒப்பாய்வு

ஜப்பானின் யமனாஷி மலைகளுக்குள் ‘கெய்யுன்கான்’ என்றொரு வெந்நீரூற்று விடுதி கி.பி. 705 முதல் நடந்துவருகிறது. உலகின் மிகப் பழைய விடுதி என்று கின்னஸ் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஹட்டன் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயங்கள் அவ்வளவு பழையவை அல்ல. உள்ளே போய்ப் பார்த்தால்தான் சந்தேகம் வரும்.

ரியோகான் என்னும் இத்தகைய ஜப்பானிய விடுதியின் அறையைத் தத்தாமிப் பாயால் அளப்பது மரபு. ஒரு பாய் சுமார் 1.65 சதுர மீட்டர். அப்படிப் பார்த்தால் 10 அடிக்கு 12 அடி லயக் காமராவில் கிட்டத்தட்ட ஏழு பாய் விரிக்கலாம். இங்கே தங்குவோரை ஆய்வாளர் எண்ணி முடித்த நேரத்தில் திரைக்குப் பின்னால் பாட்டி இருமினார். எண்ணிக்கை மறுபடி தொடங்கியது.

அடுத்தது ஊற்றுச் சிக்கல். கன்னியாவில் இராவணன் வாளை ஊன்றியதால் ஏழு வெந்நீர்க் கிணறுகள் பிறந்தனவாம். அதே இராவணன், சீதையைச் சிறைவைத்ததாகச் சொல்லும் சீதா எலியவில் வாளை உறையிலேயே வைத்திருந்துவிட்டான். 1,868 மீட்டர் உயரத்து நுவரெலியாவுக்குப் பக்கத்து ஊர் அது. சீதை குளித்ததாகச் சொல்லும் அந்த ஓடையில் கால் வைத்தவர்களுக்கு, அவள் அழுததற்கு இன்னொரு காரணமும் விளங்கும்.

ஜப்பானின் 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி, ‘ஒன்சென்’ (வெந்நீரூற்று) என்று சொல்லிக்கொள்ள, ஊற்றெடுக்கும் இடத்திலேயே நீர் 25 பாகை செல்சியசாவது இருக்க வேண்டும். இல்லையேல் குறிப்பிட்ட 19 பொருள்களில் ஒன்றாவது கலந்திருக்க வேண்டும். லயத்துப் பீலியில் கொட்டும் தண்ணி முதல் விதியில் தோற்கிறது. அதைச் சுடவைக்க எரிக்கும் தேயிலைக் கவ்வாத்து மிலாறின் புகை அண்டாவுக்குள் தாராளமாகக் கலந்தாலும், அந்தப் பத்தொன்பதில் அதற்கு இடமில்லை.

திறந்தவெளிக் குளியலுக்கு ஜப்பானியர் கட்டணம் வாங்கட்டும். பீலிக்கரையில் அது இலவசம், மழையும் சேர்த்து. பச்சை குத்தியவர்களைப் பல ஒன்சென்கள் உள்ளே விடுவதில்லை. அந்த விதி இங்கே வந்தால் முதலில் வெளியேற வேண்டியவர், முழங்கைவரை பச்சை குத்திய மேற்படி பாட்டிதான். அவரிடம் சொல்லிப் பார்க்கும் துணிவு ஆய்வாளருக்கு இல்லை.

லயத்தில் சுடுதண்ணியில் குளிக்கும் வரிசை தெளிவானது: பச்சைப்பிள்ளை, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், காய்ச்சல்காரத் தாத்தா. அதற்குள் அண்டா காலி. இருட்டோடு எழும்பி அடுப்பு மூட்டியவர் எந்த இடம் என்று, காலை வேலைப் பிரட்டுக்கு ஓடிக்கொண்டிருந்த அவரிடமே கேட்கப்பட்டது.

“அந்திக்கு வந்து பீலியில குளிச்சிக்கிறேன் சேர், நீங்க எழுதுங்க.”