ஆளெடுப்போர் படிவியல்

அரியலூர் மண்ணை வகைபிரித்த பெருமை பிளான்ஃபோர்டு என்ற வெள்ளைக்காரருக்கு உரியது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்காக 1862-ல் எழுதிய நூலில், கடல் வந்து போன இந்தப் பாறைகளை அவர் ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என மூன்று அடுக்காக்கினார். பின்வந்தோர் அவற்றின் மேலே நினியூரைப் பிரித்து நான்காக்கினர். இதே வட்டாரத்துக்கு வேலைக்கு ஆளெடுக்க வருவோரைப் பாகுபடுத்தத்தான் இன்றளவும் நூல் இல்லை. எறையூர் சிப்காட்டில் 2023-ல் காலணித் தொழிற்சாலை திறந்தாயிற்று. ஜெயங்கொண்டத்தில் தைவான் காலணி ஆலைக்கு 2024-ல் அடிக்கல் நட்டாயிற்று. இனி ஆளெடுப்போர் பெருகுவர். ஆகவே முன்னோர் இட்ட அடுக்குப் பெயர்களையே இரவல் வாங்கி அடியேன் இந்நூல் செய்தேன்.

முதலாவது, ஊட்டத்தூர் வகை. ஆக அடியில் கிடப்பது. உயிர் போய் அச்சு மட்டும் எஞ்சியது. பேருந்து நிலையச் சுவரில் "ஆட்கள் தேவை, உணவு தங்குமிடம் இலவசம்" என்றிருக்கும். போன் போட்டால் "எந்த நோட்டீஸைப் பாத்துப் பேசுறீங்க?" என்று நம்மையே கேட்பர். இவ்வகை பற்றி வேறு எழுத ஒன்றுமில்லை.

இரண்டாவது, திருச்சி வகை. இடம்பெயர்தல் இதன் இலக்கணம். இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் "நாளை காலை 9 மணி, பெரம்பலூர்" என்று வரும். நாம் சட்டையை இன் செய்து துறைமங்கலத்தில் நிற்கும்போது "அரியலூர் வந்துடுங்க" என்று வரும். காரணம் உண்டு. பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. சென்னையிலிருந்து வரும் அதிகாரி அரியலூர் ஸ்டேஷனில் இறங்கிய பிறகுதான் அதை அறிகிறார். உரையாசிரியர் சிலர் பழியை அரசின் மேல் போடுவர். 1995-ல் பெரம்பலூர் மாவட்டம் பிறந்தது. 2001-ல் அரியலூரைப் பிரித்தார்கள். 2002-ல் திரும்பச் சேர்த்தார்கள். 2007-ல் மறுபடி பிரித்தார்கள். மாவட்டமே இப்படி அலைந்திருக்க, ஒரு ஹெச்.ஆர். அலைக்கழிப்பதில் என்ன குற்றம் என்பது அவர்கள் வாதம். அடியேன் ஏற்பதில்லை. அரசு முறையாக அரசாணை போட்டுத்தான் மாற்றியது.

மூன்றாவது, அரியலூர் வகை. உட்பிரிவுகள் பல. பிறர் பயோடேட்டாவோடு வருவோர் அதில் முதல்வர்.

"தம்பி, நீங்க சிவில்தானே?"

"மெக்கானிக்கல் சார்."

"அப்ப இது யாரோடது?"

விடை தெரியாமல் இருவரும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருப்பர். அடுத்தவர், 'ஃபிரஷர் மட்டும்' என்று விளம்பரம் செய்து, எதிரே உட்கார்ந்ததும் மூன்று வருட அனுபவம் கேட்பவர். அதற்கும் அடுத்தவர், சிமெண்ட் ஆலையின் பெயரைச் சொல்லி வரவழைத்து, எழுந்திருக்கும் நேரத்தில் "கம்பெனி ரோல் இல்ல தம்பி, காண்ட்ராக்ட்" என்பவர். விசாரித்தால் அவரே காண்ட்ராக்டருக்குக் கீழுள்ள காண்ட்ராக்டராக இருப்பார். சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த வீட்டுப் பையனிடம் "இந்த ஏரியா பழக்கம் உண்டா?" என்று கேட்பவரும் இங்கேயே அடங்குவர். "சொல்லி அனுப்புறோம்" என்பது இவர்கள் எல்லோருக்கும் பொது. யாரிடம் சொல்லி அனுப்பினார்களோ, அவர் இன்னும் வந்து சேரவில்லை.

இடையில் ஒரு கணக்கு. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 ஆண்டு காத்திருந்த பட்டதாரிக்கு அரசு தரும் உதவித்தொகை மாதம் 600 ரூபாய். ஜெராக்ஸ், போட்டோ, பஸ், மதியச் சாப்பாடு என்று மேற்படி வகையினரை மாதத்தில் சிலமுறை பார்த்து வந்தாலே அது தீர்ந்துவிடும்.

நான்காவது, நினியூர் வகை. அரிதாகக் காணப்படுவது. ஒரு கல்லூரியில் நடந்த வேலைவாய்ப்பு முகாமில் அடியேன் ஒருவரைக் கண்டேன். ஃபைலைப் புரட்டினார், மார்க்ஷீட்டை வரிசை மாறாமல் அடுக்கித் திருப்பித் தந்தார், "இந்த வேலைக்கு ஆள் எடுத்தாச்சு தம்பி, காத்திருக்காதீங்க" என்றார். வேலை தராத இவரே இந்நூலில் உயர்ந்தவர்.

ஆளெடுக்க வரும் ஐயாமாரே, அம்மாமாரே! இடத்தை முந்தின நாளே முடிவு செய்யுங்கள். எதிரே இருப்பவரின் பயோடேட்டாவை ஒருமுறை படியுங்கள். வேலை இல்லை என்றால், அன்று மாலையே ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிடுங்கள்.